இருபத்தொரு வயதும் நான்கு மாதமும்

கருடமலைத் தோட்டம் மேல்பிரிவுப் பழனியாயியின் மகன் புவனேந்திரன் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவனுக்கு இருபத்தொரு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. பதினாறு வருடம் கழித்து நீதிமன்றம் அவனை வீட்டுக்குப் போகச் சொன்ன அன்றைக்கும் அவனுக்கு இருபத்தொரு வயதும் நான்கு மாதமும்தான். இதில் மலையில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எப்படி அப்படி ஆனது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, அதைக் கேட்கிற வழக்கமும் அங்கே இல்லை. ஆனால் யார் முதலில் கண்டது, கண்ட பின் யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால், கொழுந்து பறிக்கிற கை நிற்காமலே முழுவதையும் சொல்லிவிடுவார்கள்.

அவனுடைய அப்பா, தங்கச்சி தமயந்தி கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பழனியாயி மலையில் கொழுந்தெடுத்து, லயம் எனும் வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். கருடமலையிலிருந்து பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் புவனேந்திரன்தான்; முடிவு வந்த அன்றைக்கு இளவட்டங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழ்ப்பிரிவு வரைக்கும் போய் வந்தார்கள், கணக்கப்பிள்ளை ஐயா கூட வெளியே வந்து நின்று கைதட்டினார். மேல்பிரிவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதன்மேல் இரண்டு மரத்தண்டுகளைப் போட்டு வைத்திருப்பார்கள், மழை பெருத்தால் ஆறு அந்தத் தண்டுகளை இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் வெயில் வரும் வரைக்கும் மேல்பிரிவுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மூன்றாம் வருடம் லீவில் வந்தவன் கரைக்குக் கரை கயிறு கட்டி அகலத்தை அளந்துகொண்டு போனான். போய், விடுதி அறையில் இருந்து, பென்சிலால் ஒரு பாலம் வரைந்தான். யாரும் வரையச் சொல்லவில்லை. வரைந்து முடித்ததும் அதைச் சுருட்டி, அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டு மார்கழி லீவுக்குப் பஸ் ஏறினான்.

வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முதல் நாள்தான் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. டவுனுக்குக் கீழே சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தவர்களைத் தனியே நிற்க வைத்தார்கள். புவனேந்திரனின் பையிலிருந்து சுருளை எடுத்த சிப்பாய் அதை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தான்.

"இது என்ன?"

"பாலம், சேர்."

"எந்தப் பாலம்?"

"இன்னும் கட்டல, சேர்."

சிப்பாய் தன் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி வந்து படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் அவன் இல்லாமல் கிளம்பியது. அவனைச் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து தெரிந்த கொண்டக்டர்தான் சாயங்காலம் லயத்துக்கு நடந்து வந்து, வாசலில் நின்றபடியே, "பழனியாயி அக்கா, நம்ம புவன எறக்கிட்டாங்க" என்று சொன்னார்.

பதினொரு நாள் அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளங்காலில் அடித்தார்கள், அப்போது உதடும் கிழிந்தது. பன்னிரண்டாம் நாள் சிங்களத்தில் தட்டச்சடித்த நான்கு பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைவீதிச் சிங்களம் அவனுக்கு நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். போட்டால் படுக்கலாம் என்றார்கள். அவன் போட்டான். நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு ரயில் பாலத்தைத் தகர்ப்பதற்காகத் தானே அளந்து வரைந்ததாக அதில் எழுதியிருந்தது என்று மூன்று மாதம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிய வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அப்படி ஒரு காகிதம் இருந்தால் போதும், வேறு சாட்சி தேவையில்லை.

அவன் பேனாவைக் கீழே வைத்த அந்த நேரத்தோடு அவன் உடம்பு நின்றுவிட்டது.

இதை முதலில் கண்டவன் கொழும்புச் சிறையில் முடிவெட்டுகிற கைதி. ஆறு மாதத்தில் மூன்று தரம் கத்தரிக்கோலோடு வந்து மூன்று தரமும் வேலையில்லாமல் திரும்பிப் போனவன், நான்காம் தரம் ஜெயிலரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். ஜெயிலர் தலையைத் தடவிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்து, 'முடி வளரவில்லை, நகம் வளரவில்லை, வேறு முறைப்பாடு இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதோடு சிறை அந்த விஷயத்தை மறந்துவிட்டது. எந்தச் சிறைக்கும், முடி வளராத ஒருவனால் ஒரு தொந்தரவும் கிடையாது.

இரண்டாவதாகக் கண்டவள் தமயந்தி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாயும் மகளும் ரயிலேறிக் கொழும்புக்குப் போவார்கள், அரை நாள் வரிசையில் நிற்பார்கள், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடம் பேசுவார்கள். பழனியாயி அந்தப் பத்து நிமிடமும் அழுதுகொண்டே இருப்பதால் அவளுக்கு மகனின் முகம் தெளிவாகத் தெரிந்ததே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைதான் ஒரு நாள், "அம்மா, அண்ணன் ஒதடு இன்னும் ஆறல" என்றாள்.

பழனியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கீழ் உதட்டில் பிளவு, நேற்று முன்தினம் பட்டது மாதிரி ஈரமாக இருந்தது.

"மறுபடியும் அடிக்கிறாங்களா, சாமி?"

"இல்லம்மா. இங்க யாரும் தொடுறதில்ல. இது அன்னைக்குப் பட்டது."

"அன்னைக்குப் பட்டது எப்புடிப்பா இன்னும் இருக்கும்?"

"இருக்கும்மா. காலும் அப்படித்தான். மண்டையில முடியும் அப்படித்தான். நான் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கேன்." அவன் அதை, சோறு பரவாயில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னான். பழனியாயியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நடக்கும்போது வலிக்கிறது என்றான். நாலு நாள் ஆன காயம் எப்படி வலிக்குமோ அப்படி வலிக்கிறது, ஐந்தாம் நாள் வந்தால் குறைந்துவிடும், ஐந்தாம் நாள்தான் வரமாட்டேன் என்கிறது என்றான்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது பழனியாயி கடைசிக் காம்பரா முத்தம்மாவிடம் மட்டும் இதைச் சொன்னாள். பத்து மணித் தேத்தண்ணிக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா அது சத்துக்குறைவு என்றார். சங்கத் தலைவர் மே தினக் கூட்டத்தில், தோட்டத்துப் பிள்ளையின் வயதைக் கூட இந்த நாடு நிறுத்தி வைத்திருக்கிறது என்று பேசி நீண்ட கைதட்டல் வாங்கினார். மாரியம்மன் கோயில் பூசாரி, திருவிழா அர்ச்சனையில் புவனேந்திரன் பெயரை வருடா வருடம் அதே வயதோடு சொன்னார். முதுகு வளைந்த சின்னக்கருப்பன் தாத்தா, "என்னையும் புடிச்சிக்கிட்டுப் போகச் சொல்லுங்கடா, நானும் இப்புடியே நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்; எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், பிறகு அவருக்கு என்னவோ போலாகி, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பழனியாயி வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் வருடம் முத்தம்மா மகன் யோகராசா வந்தான். புவனேந்திரனைப் பிடித்தபோது பதினாறு வயதாக இருந்தவன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்று, "பெரியம்மா, இன்னையோட எனக்கு இருவத்தொரு வயசும் நாலு மாசமும். இன்னைக்கு நானும் அண்ணனும் சோடி. நாளையிலருந்து அவரு எனக்குத் தம்பி. கூப்புடுற முறை மாறுது, கோவிச்சுக்காதீங்க" என்றான். பழனியாயி வெற்றிலையை வாங்கிக்கொண்டு, அவனை உட்காரவைத்து, மகனுக்குப் பிடித்த மாதிரி தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தாள். அவன் குடிப்பதைக் கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மேல்பிரிவில் எந்தப் பையனுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த வயது வந்தாலும், கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றாலும், அன்றைக்கு லீவு எடுத்து வந்து பழனியாயி வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள். குடித்துவிட்டு அவனைத் தாண்டிப் போவார்கள். மாமா என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அண்ணன் என்றார்கள், அண்ணன் என்றவர்கள் தம்பி என்றார்கள். அவனோடு படித்தவர்களுக்குத் தலையில் வழுக்கை விழுந்தது.

ஆனால் பழனியாயி ஒரு வருடத்தில் இரண்டு வயது போனாள். நாற்பத்தைந்தில் தலை முழுக்க வெளுத்தது, நாற்பத்தெட்டில் பற்கள் ஆடின, ஐம்பதில் கூடையைத் தலையில் மாட்ட முடியாமல் குனிந்துவிட்டாள். மகனுக்கு ஏறாத வயது தாய்மேல் ஏறுகிறது என்று பெண்கள் மலையில் பேசிக்கொண்டார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதையும் அவள் ஒத்துக்கொண்டாள்.

வழக்கு நடந்தது என்று சொல்ல முடியாது, தவணை போட்டார்கள். நீதிபதி மாற்றலாகிப் போனார் என்று ஒரு தவணை, மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று ஒரு தவணை, கோப்பைக் காணவில்லை என்று ஒரு தவணை, கோப்பு கிடைத்தது ஆனால் அரச சட்டத்தரணிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தவணை. போர் முடிந்தது, டவுனில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள், இனி விட்டுவிடுவார்கள் என்று பழனியாயி மகனுடைய நல்ல சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். விடவில்லை. அந்தக் குளிர்காலம் போய் அடுத்த சித்திரை வந்தபோது தமயந்திக்கு இருபத்தொரு வயதும் நான்கு மாதமும் ஆனது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் லீவு கேட்டு, தனியாக ரயிலேறிப் போனாள்.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமாண்ணே?"

"தெரியும். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." கம்பி வலையில் முகத்தை வைத்து அவளைப் பார்த்தான். "நாளைக்கு வந்தீன்னா தம்பின்னுதான் கூப்புடணும்."

"மாட்டேன்."

"ஊரே அப்புடித்தான கூப்புடுது."

"ஊரு கூப்புட்டா கூப்புடட்டும். எனக்கு அறுவது வயசானாலும் நீ அண்ணன்தான்."

அவன் சிரித்தான். சிரித்ததும் உதடு வழக்கம்போலப் பிளந்து ரத்தம் கசிந்தது, கையால் ஒற்றிக்கொண்டான். அவளுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருடத்தில்தான் சட்டத்தரணி ஆனந்தநாயகம் வழக்கை எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், கொழும்பில் இப்படிப்பட்டவர்களுக்கு வாதாடியே தேய்ந்துபோனவர். அவர் தாயையும் மகளையும் தன் அறையில் உட்காரவைத்து, அரசாங்கம் ஒரு வழி சொல்கிறது என்றார்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருசம் புனர்வாழ்வு முகாம், பிறகு வீட்டை போகலாம். கனபேர் அப்பிடித்தான் வெளியில வந்திருக்கினம். பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா முடிவு பிள்ளையின்ரை."

பழனியாயி சிறைக்குப் போய், வலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

"ஒத்துக்க சாமி. என்னா எழுதியிருந்தா என்னா, போட்டுட்டு வந்துரு. நமக்குத் தெரியும்ல நீ செய்யலன்னு. நான் இருக்கும்போதே வந்துரு."

"அம்மா, நான் வரைஞ்சது நம்ம ஆத்துக்கு. அதுல பாலமே இல்ல. இல்லாத பாலத்த எப்புடிம்மா ஒடைக்கிறேன்னு சொல்றது?"

"சொல்லுப்பா. சும்மா வாயால சொல்லு."

"ஒரு கையெழுத்துப் போட்டேன். அதுலதான் நிக்கிறேன் இன்னைக்கு வரைக்கும். இன்னொண்ணு போட்டா இன்னும் எங்கம்மா போயி நிப்பேன்?"

பழனியாயி வலையிலிருந்து கையை எடுத்தாள். பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தபோது, "கால ஊனாம நட" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பன்னிரண்டாம் வருடம், ஒரு மழைநாள் காலையில், அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இறப்புச் சான்றிதழில் ஐம்பத்து நான்கு என்று இருந்தது. குளிப்பாட்டிய பெண்கள் எழுபது வயது உடம்பு என்றார்கள். தோட்டத்தில் அரை நாள் வேலை நிறுத்தி, தப்படித்து, எல்லாரும் போய்த் தேயிலைக்குக் கீழே புதைத்துவிட்டு வந்தார்கள். சிறையிலிருந்து மகனைக் கொண்டுவர அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, பரிசீலிக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

தமயந்தி போய்ச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"சரி" என்றான்.

அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மழை எப்படி, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். "ஒனக்கு அழுகை கூட வராதா?" என்று அவள் கத்தினாள், காவலாளி திரும்பிப் பார்த்தான், "வர மாட்டேங்குது தங்கச்சி" என்றான் அவன், வெட்கப்பட்ட மாதிரி. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் அவனைப் பார்க்கப் போகவில்லை. போகாத ஒவ்வொரு மாதமும் தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனாலும் போகவில்லை. ஏழாம் மாதம் போனபோது இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

பதினாறாம் வருடம் ஒரு பெண் நீதிபதி வந்தார். அவர், தவணை போதும், வாக்குமூலம் அடித்து வாங்கியதா இல்லையா என்று முதலில் பார்ப்போம் என்றார். அன்று காலை சட்ட வைத்திய அதிகாரி புவனேந்திரனைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்திருந்தார். அரச சட்டத்தரணி அதைத்தான் கையில் எடுத்தார். மன்றில் பேசுவதெல்லாம் சிங்களத்தில், மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வலது உள்ளங்காலில் நான்கு அங்குல நீளத்தில் கன்றிய காயம், நீல நிறம், ஏறக்குறைய நான்கு நாள் பழையது. வைத்தியர் எழுதியிருக்கிறார். கனம் நீதிபதி அவர்களே, வாக்குமூலம் பதினாறு வருடத்துக்கு முந்தியது. நான்கு நாளைக்கு முன் வந்த காயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கூண்டில் நிற்கும் எதிரி தன்னைத்தானே அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்."

மன்றுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எந்தக் காயம் அவனைக் காப்பாற்றும் என்று தமயந்தி இத்தனை வருடம் நினைத்திருந்தாளோ, அது இவ்வளவு புதிதாக இருப்பதாலேயே அவனைப் பொய்யன் ஆக்கிவிடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனந்தநாயகம் மெதுவாக எழுந்தார். பழைய கோப்பு ஒன்றிலிருந்து பதினொரு காகிதங்களை எடுத்து, நீதிபதியின் மேசையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

"இது கையெழுத்துப் போட்ட அன்று மாலை சிறை வைத்தியர் எழுதியது. வலது உள்ளங்கால், நான்கு அங்குலம், நீலம், நான்கு நாள் பழையது. இது இரண்டாம் வருடம். நான்கு அங்குலம், நீலம், நான்கு நாள். இது ஐந்தாம் வருடம். இது ஒன்பதாம் வருடம், வேறு வைத்தியர். இது போன வருடம். எல்லாவற்றிலும் நான்கு நாள். இடையில் சிறையில் எவரும் இவரை அடிக்கவில்லை, இவரும் தன்னை அடித்துக்கொள்ளவில்லை என்று சிறைச்சாலையே வருடா வருடம் எழுதித் தந்திருக்கிறது. கனம் நீதிபதி அவர்களே, அப்படியானால் இந்த நான்கு நாள் எந்த நான்கு நாள்?"

நீதிபதி காகிதங்களை வரிசையாக வாசித்தார், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொல்லி, இறங்கி வந்து, எதிரியின் காலை அதில் தூக்கி வைக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அங்கே இருந்தவர்கள் வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள். நிமிர்ந்தவர் சிங்களத்தில் அவனிடம் நேரடியாகக் கேட்டார்.

"வலிக்கிறதா?"

"ஆமா, மேடம்."

பதினான்கு நாள் கழித்து, அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். வேறு சாட்சி எதுவும் இல்லை என்பதால் அவனை விடுதலை செய்தார். அந்தப் பதினாறு வருடத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஆனந்தநாயகம் வாசலில் தமயந்திக்கு விளங்கப்படுத்தினார், விளங்கப்படுத்தும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புவனேந்திரன் தோட்டத்துக்கு வந்த அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். தம்பி என்று கட்டிக்கொண்டவர்களின் அடர்ந்த மீசைக்குள் தான் விட்டுப்போன சின்னப் பையன்களை அவன் தேடித் தேடிக் கண்டுபிடித்தான். யோகராசாவின் பெரிய மகளுக்கு ஒன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, பதிவுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அடையாள அட்டை எடுக்கப் போனால், பிறந்த வருடத்தையும் முகத்தையும் பார்த்த அலுவலர், அப்பாவை வரச் சொல் தம்பி என்றார். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். அம்மாவைப் புதைத்த இடத்துக்குத் தமயந்தி கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் அவன் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சரி, போவோமா என்றான்.

ஆனால் உடம்பு நகரத் தொடங்கியிருந்தது. இரண்டாம் நாள் தாடையில் முடி குத்தியது. நான்காம் நாள் உதட்டுப் பிளவு ஒட்டியது. உள்ளங்கால் நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. அவன் வாசலில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் காலை, தமயந்தி வேலைக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அவளைக் கூப்பிட்டான்.

"இங்க பாரேன். இன்னும் இருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள், விரலால் அழுத்தியும் பார்த்தாள்.

"இல்லண்ணே. போயிருச்சு."

"நல்லாப் பாரு."

"சுத்தமா போயிருச்சு. ஒண்ணுமில்ல."

அவன் எழுந்து நின்றான். காலை ஊன்றி ஓரடி வைத்தான், இன்னோரடி வைத்தான், மூன்றாவது அடியில் அடுப்படி வந்தது. குளிர்ந்த அடுப்பையும் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தேத்தண்ணிக் கேத்தலையும் பார்த்தான். "அம்மா எங்க?" என்று கேட்டான், கேட்டுவிட்டு, தானே பதிலைக் கேட்டவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். பிறகு அவன் போட்ட சத்தம், எட்டுக் காம்பரா தாண்டிக் கடைசி வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த முத்தம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைக்கும்படி இருந்தது.

முத்தம்மா ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தாள். என்ன என்று அவள் கேட்கவில்லை. அப்படியே தலைமுடியை அவிழ்த்துவிட்டு உள்ளே போய், அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "என் பழனியாயி, என்னப் பெத்த தாயே, புள்ள வந்த நேரத்துல போயிட்டியே" என்று ஆரம்பித்தாள். மற்றப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து மார்பிலடித்து ஒப்பாரி எடுத்தார்கள், நான்கு வருடத்துக்கு முன் பாடியதைப் பாடாமல் புதிதாகப் பாடினார்கள். மலைக்கு ஏறியிருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டு இறங்கினார்கள். கங்காணி தடுக்கவில்லை, அவரும் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். யோகராசா வாசலில் பந்தல்கால் நட்டான். யாரோ தப்பைச் சூடு காட்டினார்கள். பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது, வந்தவர்களுக்கெல்லாம் பாலும் சீனியும் போடாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் அவன் கையைப் பிடித்துவிட்டு வந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும், "பாக்க முடியாம போச்சே, பாக்க முடியாம போச்சே" என்று அதே வார்த்தையைச் சொன்னான்.

அந்த நேரம் டவுனிலிருந்து பாண் ரொட்டி விற்கிற முச்சக்கரவண்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பி லயத்துக்கு முன்னால் வந்தது. ஓட்டி வந்தவர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். பந்தலையும் தப்பையும் கண்டு அவசரமாகப் பாட்டை நிறுத்தினார். சாயத்தண்ணி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த தமயந்தியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க தங்கச்சி, தெரியாம வந்துட்டேன். யாருங்க தவறுனது?" என்று கேட்டார்.

"எங்கம்மா."

"எப்பங்க?"

தமயந்தி திரும்பி உள்ளே பார்த்தாள். முத்தம்மாவின் மடியில் அண்ணன் கிடந்தான்.

"இப்பத்தாங்க" என்றாள். "கொஞ்ச நேரத்துக்கு முந்தி."

அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியைக் கிளப்பாமல், இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டே, வளைவு வரைக்கும் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.